கூற்றும் காரணமும்

தலித் பத்திரிகையில் கணக்குப் பாடத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிலம், கூலி, கோயில், கொலை என்று எழுத ஆயிரம் கிடக்கும்போது இவன் இணைகோட்டையும் கோணத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று தோன்றலாம். தோன்றட்டும். நான் எழுதப்போவதும் நிலத்தைப் பற்றித்தான். எங்கள் சுடுகாட்டுப் பாதையைப் பற்றித்தான். அதோடு எங்கள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒரு கட்டத்தைப் பற்றியும்.

கணக்கு நோட்டில் தேற்றம் எழுதும்போது பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கட்டம் போடுவார்கள். இடது பக்கம் 'கூற்று'. வலது பக்கம் 'காரணம்'. இடது பக்கம் நீ என்ன சொல்கிறாய். வலது பக்கம் அதை ஏன் சொல்கிறாய். சேரிக்காரன் காலம் காலமாக இடது பக்கம் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். 'எங்க நிலம் போச்சு', 'எங்க பாதைய அடைச்சிட்டான்'. வலது பக்கத்தை எழுத அவனுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. எழுதினாலும் படிக்க ஆள் இல்லை.

நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு சேரியில் பிறந்தவன். 1983-இல் எனக்கு ஒன்பது வயசு. அக்கா கல்யாணத்துக்கு எங்க நைனா எழுநூறு ரூபாய் முன்பணம் வாங்கினார். அதற்கு ஈடு நான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் கொண்டுபோய் விட்டார். கொத்தடிமை முறையை ஒழித்து 1976-லேயே சட்டம் போட்டாயிற்று. எங்க நைனாவுக்கு அது தெரியாது. தறிக்காரருக்குத் தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அப்போதும் நான் தறியில்தான் இருந்தேன். 2003-இல்கூட மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது.

காஞ்சிபுரம் பட்டுக்குப் பெருமை கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நெய்கிறவருக்குக் கை இரண்டுதான். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி குறைவாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்துகொள்ளச் சின்ன உடம்பாக இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசக்கூடாது. அதனால்தான் சேரிப் பிள்ளைகள். கல்யாண மண்டபத்தில் மினுங்குகிற சேலையின் ஒரு கரை எங்கள் கையால் வந்தது. கோயில் கோபுரத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே அந்தக் கரை டிசைனில்தான். 1947 சட்டம் கோயில் கதவைத் திறந்துவிட்டிருந்தது. போய்ப் பார்க்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

தறியில் பாவு நூல் ஆயிரக்கணக்கில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். ஒவ்வொன்றும் அச்சுப் பல்லுக்குள் நுழைந்து, பக்கத்து நூலோடு முட்டாமல் வரும். ஊடை அதற்குக் குறுக்கே ஓடும். குறுக்கே ஓடுகிற நூல் ஒவ்வொரு பாவு நூலையும் ஒரே கோணத்தில் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், "கோணிக்கினு போவுது பாரு" என்று முட்டியில் ஒரு அடி விழும். கோணம் என்ற சொல் எனக்குப் புத்தகத்தில் வருவதற்கு முன்னால் முட்டியில் வந்தது.

பதிமூன்று வயசில் எங்கள் சேரியில் ஒரு ராப்பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். தறியிலிருந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு, அரிக்கேன் விளக்குக்கு முன்னால் உட்காருவோம். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆள்தான். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தார். ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டார்.

"இது இன்னாடா?"

"இணைகோடு அண்ணா."

"இணைகோடுன்னா?"

"எம்மாந்தூரம் நீட்டினாலும் முட்டாத கோடு."

"முட்டாதுன்னு ஒனக்கு எப்டித் தெரியும்? கடைசி வரிக்கும் போய்ப் பாத்துக்கினு வந்தியா?"

யாரும் பேசவில்லை. கரும்பலகை இரண்டடி. கோடு போகிற தூரத்துக்கு முடிவே இல்லை. "போய்ப் பாக்க முடியாது. பாத்தா இணையா தெரியுதேன்னு சொல்லக்கூடாது. கண்ணு பொய் சொல்லும். அப்ப இன்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கோட்டையும் வெட்டுகிற மாதிரி குறுக்கே மூன்றாவதாக ஒரு கோடு போட்டார். குறுக்குவெட்டி. "இங்கியே, கைக்கு எட்ற எடத்துலயே ரெண்டு கோணத்த அளந்து பாரு. கடைசி வரிக்கும் போவ வேணாம்."

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கணக்கு வேண்டாம் என்று ஓடியவர்களும் இந்த ஒரு பக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் எட்டுக் கோணம் உண்டாகும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பவை நான்கு. அவற்றில் குறுக்குவெட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, முதல் கோட்டில் ஒன்றும் இரண்டாம் கோட்டில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டால் அவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள். இந்த இரண்டும் சமம் என்றால் கோடுகள் இணை. ஒரே திசையைப் பார்க்கும் ஒத்த கோணங்கள் சமம் என்றாலும் இணை. குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்தில் இருக்கிற இரண்டு உட்கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி வருகிறது என்றாலும் இணை. மூன்றில் ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும்.

ஏன் போதும்? கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் முதல் புத்தகத்தின் 27-ஆம் தேற்றத்தில் காட்டிய வழி இது. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்பது தரவு. எதிராளி, "இல்லை, எங்கேயோ தூரத்தில் முட்டும்" என்கிறான். சரி, முட்டட்டும் என்று வைத்துக்கொள். முட்டினால் இரண்டு கோடும் குறுக்குவெட்டியும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகிவிடும். அப்போது நாம் அளந்த இரண்டு கோணத்தில் ஒன்று அந்த முக்கோணத்துக்கு வெளிக்கோணம், மற்றது அதற்கு எதிரே உள்ள உட்கோணம். முக்கோணத்தில் வெளிக்கோணம் எதிர் உட்கோணத்தைவிட எப்போதும் பெரியது. ஆனால் இரண்டும் சமம் என்பது நம் கையில் இருக்கும் தரவு. சமமாகவும் இருந்து பெரிதாகவும் இருக்க முடியாது. ஆகவே முட்டாது. அவ்வளவுதான். எதிராளியின் பேச்சையே எடுத்துக்கொண்டு, அதன் வழியே நடந்து போய், அது நிற்காது என்று காட்டுவது.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பேச்சை யாரும் நம்பாத ஒரு ஊரில் நான் வளர்ந்தேன். தறியில் நூல் அறுந்தால் நான் அறுத்தது. ஜரிகைக் கண்டு காணாமல் போனால் நான் எடுத்தது. 'இல்ல' என்று சொன்னால் அதற்கும் ஒரு அடி. இந்த நிரூபணத்திலோ, சொன்னவன் யார் பிள்ளை, எந்தத் தெரு என்ற கேள்விக்கே இடமில்லை. காரணம் சரியா என்பது ஒன்றுதான் கேள்வி. சேரிப் பையன் சொன்னாலும் முட்டாது. கலெக்டர் சொன்னாலும் முட்டாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கூட்டங்களில் சில தோழர்கள் 'ஊரும் சேரியும் ஒன்று சேராத இணைகோடுகள்' என்று பேசுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப்படி அது தப்பு. இணைகோடுகள் ஒன்றையொன்று தொடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. எங்கள் உழைப்பு தினமும் ஊருக்குள் போகிறது. எங்கள் அம்மாக்கள் ஊர் வயலில் நடவு நட்டார்கள். எங்கள் விரல் ஊர்த் தறியில் நாடா தள்ளியது. சேரியின் ஊடாக ஊர் போகிறது, ஊரின் ஊடாகச் சேரி போகிறது. தண்ணீர்க் குழாயிலும் சுடுகாட்டிலும் மட்டும் தனிக்கோடு. இதற்கு இணை என்று பெயர் வைக்காதீர்கள்.

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகச் சேரியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் போகிற பிள்ளைகள் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தேற்றம். 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைக்கப்பட்டவர்களுக்குச் செய்முறை வடிவியலும் வரைபடமும். "கவராயத்த வச்சி வரையறத மட்டும் பழகு, கிராப் போடு, பாஸ் ஆயிடுவ. தேற்றம் ஒனக்கு வேணாம்." பாஸ் பண்ணவைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொல்கிற ஆசிரியர்களும் உண்டு. ஆனால் மெல்லக் கற்போர் வரிசையில் யார் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

செய்முறையில் என்ன செய்கிறார்கள்? ஒரு முக்கோணத்துக்கு வடிவொத்த முக்கோணம் வரையும்போது ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட வேண்டும். எங்கள் பிள்ளை கவராயத்தால் இங்கே ஒரு வில் வெட்டி, அதே அளவை அங்கே வெட்டி, கோட்டைப் போட்டுவிடுவான். கோடு அச்சடித்த மாதிரி இருக்கும். 'ஏன் அந்த அளவ எடுத்து இங்க வெட்டின? அதனால எப்டி இணையாச்சு?' என்று கேட்டால் முழிப்பான். ஒத்த கோணத்தைச் சமமாக எடுத்தான், ஒத்த கோணம் சமமானால் கோடு இணை. அவன் கை செய்தது இதைத்தான். அவன் கைக்குத் தெரிந்ததை அவன் வாய்க்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கைவேலை உனக்கு, காரணம் எனக்கு. இந்தப் பிரிவினையை நாம் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா தோழர்களே?

அதனால் சனிக்கிழமை தோறும் எங்கள் வகுப்பில் ஒரு தேற்றம். பரீட்சைக்கு வருமா வராதா என்ற பேச்சு கிடையாது. கூற்று, காரணம் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். காரணம் இல்லாத கூற்றை நான் அடித்துவிடுவேன்.

2021 நவம்பர். அந்த வருஷ மழை எங்கள் பக்கம் யாருக்கும் மறந்திருக்காது. வகுப்புக்கு வருகிற ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பாட்டி செத்துப்போனாள். சுடுகாட்டுக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். பாதி தூரத்துக்கு மேல் பாதை குறுகிக்கொண்டே போனது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் முள்வேலி. பாடையைச் சாய்த்துப் பிடித்தும் கிழவியின் கோடிச்சேலை முள்கம்பியில் மாட்டிக் கிழிந்தது. எங்கள் பெரியவர்களுக்கு அந்தப் பாதை மாட்டுவண்டி போன பாதை. வேலி போட்டவர் ஊர்க்காரர். கேட்டதற்கு, "ஆதிலேர்ந்து இப்டித்தான் கீது. வேலி நேராத்தான் போட்டுக்கிறேன், பாத்துக்கோ" என்றார்.

சுடுகாட்டுப் பாதை என்பது சின்ன விஷயமில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். படம் பார்த்த நாடு அதிர்ந்தது, உயர்நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நிலத்தின் கதை இன்னும் பழையது. கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் எங்கள் முன்னோரின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஆகவே அரை அடி நிலம் என்றாலும் எங்களுக்கு அது அரை அடி அல்ல.

அந்தப் பெண்தான் கேட்டாள். "சார், வேலி நேராத்தான் கீது. ஆனா வாய்க்கா ஓரத்துக்கு இணையா கீதா?"

சரியான கேள்வி. நேராக இருப்பது வேறு, இணையாக இருப்பது வேறு. கல்தூண்கள் ஒன்றன் பின் ஒன்று மறைகிற மாதிரி நேர்கோட்டில்தான் நின்றன. பாதையின் அகலத்தை இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் அளந்தால் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கோடியில் அப்போது முழங்கால் தண்ணீர், சீமைக்கருவேல் புதர். போதாததற்கு, அங்கே டேப்போடு போனால் நாலு பேர் வந்து நிற்பார்கள். எங்களால் நிம்மதியாக நிற்க முடிந்தது எங்கள் வீட்டுப் பக்கத்து முனையில்தான்.

எந்தக் கோணத்தை எடுப்பது? ஒத்த கோணம் எடுக்க வேண்டுமானால் வேலிக்கு அந்தப் பக்கம், அவர் வயலுக்குள் இறங்க வேண்டும். இறங்கினால் அதுவே ஒரு கேஸ். பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்: ஒன்றுவிட்ட உட்கோணங்கள் இரண்டும் இரண்டு கோட்டுக்கும் நடுவில், அதாவது எங்கள் பாதைக்குள்ளேயே இருக்கின்றன. யார் நிலத்திலும் கால் வைக்க வேண்டாம்.

வாய்க்கால் ஓரம் பழைய சர்வே கல் இரண்டு இருந்தது. அவற்றுக்கு நடுவே கயிறு கட்டினோம். கொத்தனாரிடம் மூலைமட்டம் வாங்கி, பாதைக்குக் குறுக்கே இன்னொரு கயிறு. செங்கோணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சௌகரியத்துக்காக. கோணமானி ரொம்பச் சின்னது, அதை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கோட்டின் மேலும் பத்தடி அளந்து குறித்து, குறிக்கும் குறிக்கும் நடுவே டேப் பிடித்தோம். இரண்டு பக்கம் பத்துப் பத்தடி என்றால், மூன்றாவது பக்கம் சமமாக இருந்தால்தான் கோணமும் சமம். வாய்க்கால் மூலையில் 14 அடி 1¾ அங்குலம். வேலி மூலையில் 14 அடி 4½ அங்குலம். இடத்தை மாற்றி மூன்று தடவை அளந்தோம். வித்தியாசம் மூன்று அங்குலத்தை ஒட்டியே வந்தது. கோணத்தில் அது கிட்டத்தட்ட 2 டிகிரி.

மூன்று அங்குலம் என்றால் என்ன என்று அன்றைக்குக் கணக்குப் போட்டோம். சுடுகாட்டுப் பக்கம் பார்த்த உட்கோணங்கள் 90-உம் 88-உம். கூட்டினால் 178. யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோள் சொல்கிறது: ஒரே பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் 180-க்குக் குறைந்தால், எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் கோடுகள் முட்டும். குறைந்தது சுடுகாட்டுப் பக்கம். பாதை 180 அடி. 2 டிகிரி சாய்ந்தால் அந்தத் தூரத்தில் ஆறடிக்கு மேல் போய்விடும். 12 அடிப் பாதை கடைசியில் ஆறடிக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஒரு பிணம் போகிற வழியைத் தின்றிருக்கிறது.

மனுவை அந்தப் பெண்தான் எழுதினாள். வலது பக்கம் காரணம் எழுதிய மனுவை நான் அன்றுதான் பார்த்தேன். ஆபீஸில் வாங்கியவர், "கயித்த வச்சி சர்வே பண்றீங்களா?" என்று சிரித்தார். எங்கள் கயிறு சட்டப்படி சாட்சி ஆகாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் 'பாதையச் சின்னது பண்ணிட்டாங்க' என்று அழுவது வேறு. எந்தக் கல்லிலிருந்து எந்தத் தூண் வரை அளக்க வேண்டும் என்று சொல்லி, எஃப்.எம்.பி. ஸ்கெட்சோடு ஒப்பிடச் சொல்வது வேறு. மூன்று மனு, ஏழு மாதம். சர்வேயர் வந்து அளந்தார். ஸ்கெட்சில் பாதை கடைசிவரை ஒரே அகலம். தரையில் அந்தக் கோடியில் ஆறடிக்குக் கீழே. வேலியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வேலி நகர்ந்தது, முழுசாக இல்லை. கடைசி மூன்று தூண் இன்னும் உள்ளேதான் நிற்கிறது. அதற்கும் மனு போயிருக்கிறது.

அந்தப் பெண் இப்போது காலேஜில் கணிதம் படிக்கிறாள். போன சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் வகுப்பு எடுத்தாள். ஐந்தாவது எடுகோள் வந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

"அக்கா, இத யாரு நிரூபிச்சாங்க?"

"யாரும் நிரூபிக்கல. ரெண்டாயிரம் வருசமா பாத்தாங்க, முடியல."

"அப்ப காரணம்னு போட்ட கட்டத்துல இன்னா எழுதறது? காரணமே இல்லாம நாம ஏன் ஒத்துக்கணும்?"

1829-இல் ரஷ்யாவில் லோபசேவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியில் போயாயும் இதே கேள்வியோடு போய், அந்த எடுகோளை விட்டுவிட்டே வேறொரு வடிவியலைக் கட்டி வெளியிட்டார்கள் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். பையன் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டான்.